பதினான்காம் விதி

டோர்செட் பார்க், ஸ்காபரோ
9 மார்ச் 2025

அன்புள்ள நிசாந்தன்,

போதுமான நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இன்றோடு ஏழு கிழமை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வட்ஸ்அப் குழுவிலிருந்தோ, அன்று கூட்டம் முடிந்து நான் காருக்குப் போய்ச் சேருமுன்னரே என்னை நீக்கிவிட்டீர்கள். ஆகவே தபால்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு நான்கு ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். அதன் யாப்பையும், அதாவது சங்க விதிகளையும், நானே எழுதினேன். மில்லிக்கன் மண்டபத்தில் அதே யாப்பைத் தூக்கிப் பிடித்துத்தான் என்னைப் பதவி நீக்கினீர்கள். அறுபத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. தீர்மானத்தைப் பிரேரித்தவன் நீ.

நவம்பர் விருந்தில், போரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழும்பி நிற்கும் அகவணக்கத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்தேன். எடுத்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் நீக்கப்பட்டேன் என்பதில் இப்போது ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து கோப்பிக்கு நின்றபோது இரண்டு பேர் பேசியதைக் கேட்டேன். உன் பக்கத்து ஆள் ஒருவர், “அவன் கொழும்பு அரசாங்கத்துக்கு விலைபோயிட்டான் ஐசே” என்றார். என் பக்கத்து ஆள் விடவில்லை. “தீவுப்பக்கத்தான் ஒருத்தன் தலைவர் கதிரையில இருந்தது உங்களுக்குப் பொறுக்கேல்லை. அதைச் சொல்லுங்கோ முதல்ல.” நான் கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு காரணமும் பிழை. உனக்கு நான் கேட்பது வேறு. மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, “காரணத்தைச் சொல்லடா” என்று நூறு பேர் முன்னால் கத்தினாயே, முதல் நாள் என் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் என்ன? முப்பது வருடப் பழக்கம். உன் மகள் ஸ்டெபனிக்கு நான் ஞானத் தகப்பன். அவளுடைய பட்டமளிப்பு விருந்துக்கு என் மனைவி வேரோனிக்காவை மட்டும் அழைத்தாய். அவள் போகவில்லை. சங்கத்தின் 2016 ஆண்டு மலரில் என் கட்டுரையை நீ பாதியாக வெட்டியதையும் நான் மறக்கவில்லை என்பதை இத்தோடு தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
டெனிஸ்டன்


பிக்கரிங்
30 மார்ச் 2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத ஒரு முத்திரைக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்தக் காலத்தில் ஆர் மச்சான் முத்திரை ஒட்டுகிறது?

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைச் செயற்குழுவில் வாசித்தோம். பதினான்காம் விதி. கையொப்பத்தோடு வரும் உறுப்பினர் கடிதம் எதுவானாலும் சபையில் வாசித்துப் பதிய வேண்டும். கையொப்பம் இல்லாதது குப்பைக்கூடைக்கு. மொட்டைப் பெட்டிசங்கள் குவிந்த நேரம் நீயே எழுதிய விதி. செயலாளர் நான் என்ன செய்ய? யாரோ படமெடுத்துக் குழுவிலும் போட்டுவிட்டார்கள். நீ கோட்டுகளுக்குப் பின்னால் நின்றதாக எழுதிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கொழும்பு, தீவு என்ற உந்தக் கதைகள் எனக்கு வேண்டாம். உன் ஆட்கள், “இரண்டு நிமிசம்தானே” என்கிறார்கள். என் தம்பிக்கு வருடத்தில் அந்த இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, டெனிஸ்டன். உடம்பும் கிடைக்கவில்லை, குழியும் இல்லை. முந்தின வருடம் முன்னூறு பேர் எழும்பி நின்றதை இணையத்தில் லைவாக அம்மாவுக்குக் காட்டினேன். போன நவம்பரிலும் ஊரில் அவ விடிய எழும்பிப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தா. நீ மேடையில் நின்று எல்லோரையும் சாப்பிட அழைத்தாய். “மகன், அவையள் எப்ப எழும்புவினம்?” என்று கேட்டா. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயே எழுது.

ஸ்டெபனி உன்னைச் சுகம் கேட்டாள். ஓகஸ்டில் கல்லூரி விழாவுக்கு நானும் அவளும் ஊருக்குப் போகிறோம். ரிக்கெற் எடுத்தாயிற்று. விருந்துக்குப் பிரதம விருந்தினராக வந்தாரே கல்லூரி அதிபர், பாதர் அமிர்தநாதர், அவரை அந்த மேடையிலேயே கேட்கப்போகிறேன், டெனிஸ்டன் ஏன் அப்படிச் செய்தான், உங்களுக்கு ஏதும் சொன்னவனோ என்று. லைவில் கேட்பேன். இரண்டு பக்கமும் பார்க்கட்டும்.

அன்புடன்,
நிசாந்தன்


டோர்செட் பார்க்
13 ஏப்ரல் 2025

நிசாந்தன்,

ஓகஸ்டில் ஊருக்குப் போகாதே. ஸ்டெபனியைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதே. பாதரை எதுவும் கேட்காதே. என்னிடம் காரணமும் கேட்காதே.

டெனிஸ்டன்


பிக்கரிங்
4 மே 2025

டெனிஸ்டன்,

இதையும் சபையில் வாசித்தோம். மிரட்டல் என்று பதிந்திருக்கிறார்கள். நான் இல்லை என்றுதான் சொன்னேன். “பிள்ளையின்ர பெயரைப் போட்டு எழுதியிருக்கிறான், நீ இன்னும் அவனுக்கு வக்காலத்து வாங்கிறியோ?” என்று எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். அவர்கள் சொல்வதும் சரிபோலத்தான் இருக்கிறது.

முடிவு இது. ஜூன் 15க்குள் எழுத்தில் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டால், மலரில் முன்னாள் தலைவர்கள் வரிசையில் உன் படம் வரும். இல்லாவிட்டால் அந்த நான்கு வருடம் வெற்றிடமாக விடப்படும்.

ஸ்டெபனிக்கு நான் எதையும் காட்டவில்லை. பயணத்தில் மாற்றம் இல்லை. விழாவுக்கு முதல் நாள் பாதரின் வீட்டில்தான் தங்குகிறோம்.

நிசாந்தன்


இதில் ஊர் இல்லை, திகதி இல்லை, உன் பெயரும் இல்லை. யார் எழுதுவது என்று எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும்.

நவம்பரில் விருந்தினரை விமான நிலையத்திலிருந்து நான்தான் ஏற்றி வந்தேன். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. அங்கே வைத்துச் சொன்னார்: “பிள்ளை, இந்த முறை அகவணக்கத்தை விடுங்கோ. விடேலாதெண்டால் எனக்குச் சுகமில்லையெண்டு அறையிலயே இருந்திடுறன்.” ஏன் என்று கேட்டேன். முதலில் ஒரு சத்தியம் வாங்கினார்.

போன வருட மாசியில் புலனாய்வுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் அவருடைய கல்லூரி அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். மரியாதையான ஆட்களாம். மேசையில் ஒரு படத்தை வைத்தார்கள். முந்தின வருட லைவிலிருந்து எடுத்தது. மண்டபம் முழுவதும் எழும்பி நிற்பதைக் காட்டிவிட்டு, “பாருங்கோ அம்மா” என்று போனை உன் பக்கம் திருப்பினாயே, அந்த இடம். உன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம்.

“இவர் உங்கட பழைய மாணவரோ, பாதர்? எப்ப ஊருக்கு வருவார்?”

தெரியாது, இப்படியொரு முகத்தைக் கண்டதேயில்லை என்று அவர் சொன்னார். உனக்கு ஐந்து வருடம் கணிதம் படிப்பித்தவர். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆடியில் திரும்ப வந்தார்கள். அதே படம், அதே கேள்வி. ஒவ்வொரு விழாவுக்கும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். உன் லைவில் தானும் உன்னோடு எழும்பி நிற்பதை அவர்கள் கண்டால் அந்தப் பொய் உடைந்துவிடும் என்றார்.

இப்போது நீ அவருடைய வீட்டில் தங்கப்போகிறாய். மேடையேறி அவர் கையைப் பிடிக்கப்போகிறாய்.

உனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தச் சத்தியம். உன் வாய்க்குப் பூட்டில்லை என்று அவருக்குத் தெரியும். மண்டபத்தில் நீ கத்தியபோது நான் அந்தச் சத்தியத்தைக் காத்தேன். அது வரைக்கும் சரி. அதற்குப் பிறகு என் வாயை மூடி வைத்திருந்தது சத்தியம் அல்ல. கோபம். பயணம் போகிறாய் என்று நீ எழுதிய கடிதம் என் மேசையில் பத்து நாள் கிடந்தது. அதில் ஒரு நாள், போகட்டும், போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஸ்டெபனியும் வருகிறாள் என்ற வரியை வாசித்த பிறகும் நினைத்தேன். அதை வேரோனிக்காவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உன் அம்மாவைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவவைத் திருச்சிக்கு வரவழைத்து அங்கே பார். அவ கேட்ட கேள்விக்கு என்னால் எழுதமுடிவது இவ்வளவுதான். அன்று மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கும்போது நீ போனை உயர்த்திப் பிடித்திருந்ததைக் கண்டேன். கண்டபிறகுதான் எல்லோரையும் சாப்பிட அழைத்தேன்.

இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயரைப் போட்டால் நீ இதைச் சபையில் வாசித்தாக வேண்டும். வாசித்தால் அறுபத்தொரு பேரும் தலையைக் குனிவார்கள். என் படம் மலரில் ஏறும். அன்றைக்கே யாராவது படமெடுத்துக் குழுவில் போடுவார்கள். அடுத்த நாள் அந்த இரண்டு பேரும் மூன்றாம் முறையாக அவருடைய அலுவலகக் கதிரைகளில் இருப்பார்கள். அந்த முறை அவர்களுக்குத் தேநீர் தேவைப்படாது.

பேனையை இரண்டு தரம் அடியில் கொண்டுபோனேன். அறுபத்தொரு பேரின் முகத்தையும் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்கு விளங்காது.

தொண்ணூற்றைந்தில் நாம் இருந்த நிலக்கீழ் அறையில், ஆங்கிலம் தெரியாத உனக்காக உன் அகதி விண்ணப்பத்தை நான் எழுதினேன். பதினொரு பக்கம். உனக்கு நடந்ததையெல்லாம் நீ சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியது முழுவதும் என் கை, அடியில் கையொப்பம் உன்னுடையது. இதுவும் என் கைதான். அடியை வெறுமையாக விடுகிறேன்.

நாளைக் காலை கெனடி வீதித் தபால்பெட்டியில் இதை இப்படியே போடுவேன். விதிப்படி இது குப்பைக்கூடைக்கு உரியது. வாசித்துவிட்டுப் போடு.