மூன்றாம் பேத்தியின் காதில்

நவம்பர் 3
மூன்றாவதும் பெண். மகள் நெர்மின் நலம். சம்பந்தியம்மாள் தொட்டிலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. "யெத்தெர்னு வெச்சிடுங்க, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்றார்.

யெத்தெர் என்றால் 'போதும்'. பெண் போதும் என்று கடவுளுக்குப் போடும் மனு. சம்பந்தியின் பெயரும் அதுதான். நான்காவது பெண்ணாம், அவருக்குப் பின் தம்பி பிறந்தானாம். அவர் முகத்துக்கு நேரே அந்தப் பெயரை எப்படிக் குறை சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5
அகராதிகளைப் புரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் பொருளும் மூலமும் குறித்து, சாப்பாட்டு மேசையில் வாசித்தேன்.

"செல்ஜென்."

"மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டி பேரு" என்றார் சம்பந்தி. "வாயைத் திறந்தா மூட மாட்டா."

"துலின். நிலவைச் சுற்றிய ஒளிவட்டம்."

"சீக்காளிப் பேரு."

"உமாய். பிள்ளையையும் பெற்றவளையும் காப்பவள். நம் ஆதித் துருக்கியக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது." நெர்மின் நிமிர்ந்து பார்த்தாள்.

"சிலை கும்பிட்ட காலத்துப் பேரா? அல்லா மன்னிக்கட்டும்! வாத்தியாரே, சூப் ஆறுது."

அந்தக் காலத்தவர்கள் வணங்கியது வானத்தை, சிலையை அல்ல. சூப்பைக் குடித்தேன்.

நவம்பர் 7
நெர்மின் அழுதாள். "ஒவ்வொரு தடவை பேரு சொல்றப்பவும், நான் வேண்டாத பிள்ளைன்னு என் குழந்தை சொல்லணுமாப்பா?"

புருஷனிடம் சொல்லக் கூடாதா? சொன்னாளாம். "அம்மா மனசு நோகும்" என்றானாம் ஜெவாத். ஆமா, அந்தம்மா மனசு மட்டுந்தான் மனசு! நாங்கல்லாம் கல்லு!

நவம்பர் 9
பெயர் சூட்டினோம். மூத்தவன் என்று குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். வலது காதில் பாங்கு ஓதினேன், இடது காதில் இகாமத் ஓதினேன். பிறகு பெயர், மூன்று முறை; 'யெத்தெர்' என்று முடிவாகியிருந்தது.

என் வாய் 'உமாய்' என்றது. மூன்று முறையும். காதோடு காதாக — ஒருவருக்கும் கேட்கவில்லை.

"என்ன வாத்தியாரே, குழந்தைக்கே கேட்டிருக்காது!" என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிச்சேன். சிரிச்சேனே! என்ன மனுஷன் நான்?

நவம்பர் 10
வீடு முழுக்க "யெத்தெர் குட்டி". என்னால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 12
இன்று ஜெவாத் பெயர் பதியப் போகிறார் என்றதும் காதில் ஓதியது உமாய் என்று காலை மேசையிலேயே சொல்லிவிட்டேன், ஆலிவ் தட்டைப் பார்த்தபடி. யாருக்கும் காதில் விழவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் பாடம் நடத்தினேனோ! திரும்பச் சொன்னேன்.

சம்பந்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். திட்டுக்குக் காத்திருந்தேன்.

"என் காதுல ஓதின கிழவனுக்கு இந்தத் திருட்டுப் புத்தி வரலியே."

பிறகு மகனிடம்: "பாங்கோட காதுல விழுந்த பேரை மாத்தக் கூடாதுடா. அதையே பதி."

நவம்பர் 23
பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். குழந்தை சம்பந்தியின் மடியில். யார் கேட்டும் கொடுக்கவில்லை. "பேரு நான் தேடிப் பிடிச்சதாக்கும். உமாய்னா ராணி. பாரசீகத்துப் பேரு."

அத்தனையும் தவறு. ஒன்றுகூடச் சரியில்லை.

"சரிதானே வாத்தியாரே?"

தலையாட்டினேன்.