டைப்பிஸ்ட் கை

4.2.1979

அன்புள்ள மனைவிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கடையில் மூன்று தையல் மிஷினும் சுகம். நான் அவற்றைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்று மாத வேலை என்று சொல்லி டிவி நிலையத்துக்குத் தைக்கப் போனாய். இது பதினேழாவது மாதம். "தைக்கத்தான் போயிருக்காளா, இல்ல நடிக்கவே போயிட்டாளா?" என்று எதிர்க்கடை செருப்புக்காரர் கேட்கிறார். சிரித்து வைத்தேன்.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமைத் தொடரில் ஒரு டைப்பிஸ்ட் பெண் வருகிறாளே, அவள் சட்டைக் கை மாதிரியே வேண்டும் என்று வங்கிப் பெண்கள் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். இந்தத் தெருவில் டிவி இருப்பது இரண்டே வீட்டில். ஆனால் அந்தக் கை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! முன்பெல்லாம் அம்மாக்கள் கூட வந்து, "முழங்கை வரைக்கும் வைங்க மாஸ்டர்" என்பார்கள். இப்போது சம்பளம் வாங்குகிற பெண்கள் தாங்களே துணி எடுத்து, தாங்களே அளவு சொல்கிறார்கள். நானும் இரண்டு முறை வெட்டிப் பார்த்துவிட்டேன். கையைத் தூக்கினால் சட்டையே கூட எழும்புகிறது. நீ அங்கேதானே இருக்கிறாய், யார் வெட்டியது என்று விசாரித்து எழுது.

உன் கணவன்

15.2.1979

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விசாரிக்கத் தேவையில்லை. அதை வெட்டியது நான்தான்.

அந்த நடிகைக்குத் தோளுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறது. அதை மறைக்க வேண்டும். டைப் அடிக்கும்போது கையும் தடையில்லாமல் ஓட வேண்டும். உடைப் பிரிவில் பெரியவர்கள் எல்லாரும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். நான் கைத்துணியை இரண்டு இதழாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டேன். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, இனிமே நான் சால்வை தேட வேண்டாம்" என்றாள்.

துணியைக் கிராஸாக, மூலைவாட்டில் போட்டு வெட்டுங்கள். கைக்குழியை அரை அங்குலம் ஏற்றுங்கள். அந்தக் கையின் அளவைக் காக்கித் தாளில் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

செருப்புக்காரரிடம் சொல்லுங்கள், நான் நடிக்கப் போகவில்லை. நடிக்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். டீயைக் குடித்தே வயிற்றை ரொப்பாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

10.3.1979

அன்புள்ள மனைவிக்கு,

தாள் வந்த நேரம் நல்ல நேரம். கை அப்படியே உட்கார்ந்துவிட்டது! வங்கியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் வரைக்கும் வந்துவிட்டது. கடை வாசலில் 'டைப்பிஸ்ட் கை இங்கே மட்டும்' என்று எழுதி மாட்டியிருக்கிறேன். தலை நிமிர நேரமில்லை.

அடுத்த தொடரில் என்ன கை வரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதினால் நாம் முந்திக்கொள்ளலாம். அதைவிட, பேசாமல் நீயே வந்துவிடேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஆளில்லாமல் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன.

உன் கணவன்

2.4.1979

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் நம் ஊர் நர்ஸ் ஒருத்தி, பார்வையாளராக உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்க நிலையத்துக்கு வந்திருந்தாள். அந்தக் கை வைத்த சட்டைதான் போட்டிருந்தாள். யார் தைத்தது என்று கேட்டேன். "எங்க ஊர் மாஸ்டருங்க. டிவியில வர்றதுக்கு முன்னாடியே அவர் யோசிச்சு வெச்ச கையாம். மூளைக்காரர்!" என்றாள். நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. தையல் நேர்த்தியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான்.

பதினோரு வருஷம் உங்கள் கடையில் காஜா எடுத்தேன், பட்டன் வைத்தேன். ஒரு நாள், கடை நிறைய ஆள் இருந்தபோது, ஒரு சட்டையை வெட்டலாம் என்று எடுத்தேன். "காஜா எடுக்குற கைக்குக் கத்தரி எதுக்கு?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் அந்த வாரமே இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. இனித் தாள் அனுப்ப மாட்டேன், அதைச் சொல்லத்தான்.

உங்கள் மனைவி

6.5.1979

அன்புள்ளவளே,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் முதலில் சிரித்தவன் நான்தான்.

நேற்றுச் சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். வங்கிப் பெண் ஒருத்தி, "இந்தக் கையையே கொஞ்சம் நீளமா வெச்சுத் தர முடியுமா மாஸ்டர்?" என்றாள். என் வாயிலிருந்து வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதும்மா. இது நான் வெட்டினது இல்ல, என் வீட்டுக்காரி வெட்டினது. டிவியில வர்றதும் அவ கைவேலைதான். அவ தாள் அனுப்பினா, நான் பார்த்துத் தைச்சேன், அவ்வளவுதான். என் மூளைன்னு சொன்னது பொய்."

அந்தப் பெண், "அப்போ அவங்க வரட்டும், நான் காத்திருந்தே தைச்சுக்கிறேன்" என்று துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். செருப்புக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மானம் போய்விடும் என்று இத்தனை நாள் பயந்தேன். போனது மூன்று சட்டைத் துணிதான்.

வாசலில் மாட்டியதைக் கழற்றிவிட்டேன். உன்னைப் பார்க்க வரட்டுமா? கூட்டிக்கொண்டு வர இல்லை. பார்க்கத்தான்.

உன் கணவன்

14.5.1979

அன்புள்ள உங்களுக்கு,

"வரட்டுமா" என்று என்னிடம் நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டியில் வாருங்கள். சனி, ஞாயிறு இருங்கள். அறை சின்னது, ஆனால் ஜன்னல் பெரியது. திங்கட்கிழமை புதுத் தொடருக்கு வெட்டத் தொடங்குகிறோம், அன்றைக்கு என்னால் லீவு போட முடியாது. திரும்பி வருவாயா, மாட்டாயா என்று வந்த உடனே கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்.

ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். ஒன்று சொல்ல வேண்டும். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டேன். கூட்டத்தில் நீளப் பின்னலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முகத்தைப் பாருங்கள்.

உங்கள் மனைவி