பதினோராம் சூளை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலையும் உன் அம்மாவின் இருமலையும் விட்டுவிட்டால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் தம்பி வேலை மாறிவிட்டான், எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரியும். உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஆய்வுக்கூடமும் என் பழைய கூட்டாளி நெட்டையனின் ஆய்வுக்கூடமும் சேர்ந்து மண் வடிகட்டி வேலையைத் திரும்ப எடுக்கப்போவதாகவும், நம் மண்ணின் கலவை அளவுகள் உள்ள என் பழைய நோட்டுகள் கிடைத்தால்தான் குழுவில் உனக்கு இடம் என்றும் எழுதியிருந்தாய். இரண்டு நாள் அந்த நோட்டுகளை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். உன் அம்மா, இருபது வருஷமா அந்த மனுஷனையும் சேர்த்துதானே நான் குடித்தனம் பண்றேன், இப்ப என்ன புதுசா என்றாள்.

அந்த நாட்கள் கண்முன் நிற்கின்றன. நம்மிடம் நல்ல மண்ணும் சூளையும் இருந்தன, கிருமி எண்ணும் கருவி இல்லை. ஒரு நாள் ரயில் தூரத்தில் நெட்டையனிடம் கருவி இருந்தது, மண் இல்லை. சூட்டில் எரிந்து நுண்துளை விடும் தவிட்டை மண்ணில் கலந்து, ஒரே உருண்டையில் இரண்டு வில்லை தட்டிச் சுடுவேன்; ஒவ்வொரு முறை சுடுவதையும் ஒரு சூளை என்று எண்ணி நோட்டில் குறிப்பேன். ஒன்றில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று நான் பார்ப்பேன், பஞ்சில் சுற்றி அனுப்பும் மற்றதில் கிருமி எவ்வளவு தங்குகிறது என்று அவன் எண்ணுவான். இரண்டு எண்ணும் ஒரே தாளில் சேர்ந்தால்தான் அது வடிகட்டி, இல்லாவிட்டால் வெறும் ஓடு. வெள்ளிக்கிழமைதோறும் தபால்காரர், என்ன சார், சம்பந்தி வீட்டுக்குப் பலகாரமா என்பார். அவன் பதிலில் எண்களுக்குக் கீழே, யோவ், தவிட்டையெல்லாம் இதுல கொட்டிட்டியே, வீட்ல மாடு பட்டினியா என்று ஒரு வரி இருக்கும்.

பிறகு ஒரு கூட்டத்தில் பெரிய மனிதர்கள் முன்னால் என்னைக் காட்டி, இவர்தான் எங்களுக்கு மண் அனுப்புறவர் என்றான். அதை நீ நூறு முறை கேட்டிருக்கிறாய். வேறு ஆட்களோடு சேர்ந்து என் வேலையைத் திருடினான் என்பதையும் கேட்டிருக்கிறாய். உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. கூட்டத்திலிருந்து திரும்பியதும் பதினோராம் சூளையின் வில்லைகளை நான் அனுப்பவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று கடிதம் போட்டான். கடைசிக் கடிதத்தில், உடம்பு சரியில்லையா, எதுவா இருந்தாலும் ஒரு வரி போடுய்யா என்று கேட்டிருந்தான். நான் போடவில்லை. எட்டு மாதம் காத்திருந்துதான் அவன் வேறு மண்ணைத் தேடிப்போனான். இன்று அந்த மண் கிடைத்த ஊரில் ஒரு தெரு முழுக்க வடிகட்டிப் பட்டறைகளாம், படித்த பிள்ளைகளுக்கு அங்கேயே வேலையாம். நம் சூளைக் கொட்டகையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு அவன் காரணமில்லை.

ஏழு நோட்டுகளையும் இன்று உனக்கு அனுப்பிவிட்டேன். கடைசி நோட்டில் பதினோராம் சூளைக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவன் பார்த்தால் பார்க்கட்டும். நான் அவனை மன்னித்துவிட்டதாக மட்டும் சொல்லிவிடாதே, அப்படி எதுவும் இல்லை. உன்னையும் யாராவது ஒரு நாள் கூட்டத்தில் சிறுமைப்படுத்துவார்கள். அங்கேயே எழுந்து நின்று சண்டை போடு, நாலு பேர் கேட்கப் போடு. மறுநாள் காலையில் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடு.

நீடூழி நன்றாக இரு. பார்சல் வந்ததும் அம்மாவுக்குச் சொல், கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அப்பா