மாப்பிள்ளையின் மார்பளவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியமாக இருக்கிறோம். குளிர் ஏறினால் என் முழங்கால் முனகுகிறது, அடுப்பருகே உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். நீ அனுப்பிய போட்டோ வந்தது. அந்த நீலக் கோட்டில் நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய். அங்கே போய்க் குண்டாகிவிட்டதாக நீயும் எழுதியிருந்தாயே, அதைப் படித்து அப்பாவுக்கு ஒரே பெருமை. போட்டோவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, பால் எடுக்க வரும்போதெல்லாம் பார்த்துவிட்டுப் பாலை மறந்து போகிறார்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். இதை எழுதாதே, குளிர் முடிந்து அவள் வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அப்பா சொன்னார். எனக்கு அப்படி மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம் நீ ஒரு கிழக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றதும், இதுதான் மாப்பிள்ளையா என்று எரிச்சலில் கேட்டவர் அவர்தான். இன்று அந்தக் குதிரையை அவர்தான் வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போகும்போது லாயத்துக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, வாரம் ஒருமுறை முன்கால்களுக்குப் பின்னால் டேப் சுற்றி அளக்கவேண்டும், அளவு குறைந்தால் தீனியைக் கூட்டு, அளவு கூடினால் குறை என்று. அதன் கீழே, விலாவைக் கையாலும் தடவிப் பார் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவளிடம் கையால் தடவிப் பார்க்கச் சொல்கிறாளே, டேப்புக்குத் தெரியாதது கைக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். குளிர் தொடங்கிய மாதம் ஓர் அங்குலம் கூடியது. தாளில் எழுதியபடி காய்ந்த புல்லில் ஒரு கட்டைக் குறைத்தோம். அடுத்த மாதம் இன்னும் ஓர் அங்குலம். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இத்தனை சதை இருக்கிறவருக்குக் கம்பளி எதற்கு, சதையே கம்பளிதானே என்று, நான் தைத்துக் கொடுத்த போர்வையையும் கழற்றிவிட்டார். அதற்கடுத்த வாரம் இன்னும் அரை அங்குலம். ஓட்ஸையும் நிறுத்தினோம்.

தினமும் காலையில் அப்பா அவரை நடத்திக் கூட்டிப்போனார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றுகொண்டு, டாக்டர் வாக்கிங் போகச் சொன்னது உங்களையா அவரையா என்று தினமும் கேட்பார், தினமும் தானே சிரித்துக்கொள்வார். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளை பட்டினி கிடக்கும்போது மாமனார் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று தன்னுடைய ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். இதற்கிடையில் மாப்பிள்ளை என் விளக்குமாற்றைத் தின்றார், எலக்ட்ரீஷியன் வீட்டுக் கால்மிதியைத் தின்றார், கடைசியில் நீ ஒட்டிய தாளையே கிழித்துத் தின்றார். உடம்பில் கொழுப்பு ஏறினால் இப்படித்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம் பாப்பா. எங்கள் வாயை என்ன சொல்வது.

பட்டினி போட்டும் பருத்துக்கொண்டே போகிறாரே, இது என்ன நோயோ என்று பயந்து மிருக டாக்டரை வரவழைத்தோம். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் எழுதி வைத்திருந்த அளவுகளை நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளையின் ரோமத்துக்குள் விரல்களை விட்டுத் துழாவினாள். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "அம்மா, நீங்க இத்தனை நாளா முடியை அளந்திருக்கீங்க. குதிரை அதுக்குள்ள இருக்கு" என்றாள்.

என் விரலுக்குக் கீழே விலா ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. போர்வையை எடுத்ததும் குளிருக்கு முடி இன்னும் அடர்ந்திருக்கிறது, முடி அடர்ந்ததும் டேப் கூடியிருக்கிறது, டேப் கூடியதும் நாங்கள் தீனியைக் குறைத்திருக்கிறோம். போதாததற்கு நான் தையல்காரி, பழக்கதோஷத்தில் ஒரு விரல் தளர்வு விட்டுத்தான் அளந்திருக்கிறேன், என்னவோ அவர் ரவிக்கை போட்டுக்கொண்டு மூச்சுவிடப் போகிறவர் மாதிரி. அப்பாவுக்கு ரோமம் இல்லாததால் அவர் மெலிந்தது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது.

குளிர் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, வயசும் ஆகிவிட்டது, தாக்குப்பிடிப்பார் என்று இப்போதே சொல்லமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாள். உனக்கு எதையும் குறைத்து எழுதவில்லை. பயத்தில் ஒரேயடியாகக் கொட்டிக் கொடுத்தாலும் வயிறு பிடித்துக்கொள்ளுமாம். அதனால் காய்ந்த புல் எப்போதும் எதிரில் இருக்கவேண்டும், அது வயிற்றில் செரிக்கிற சூடுதான் அவருக்கு அடுப்பு, ஓட்ஸ் மட்டும் கைப்பிடி கைப்பிடியாக நாள்கணக்கில் கூட்டவேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் குடிக்கமாட்டார், குடிக்காவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். அப்பா வாளியில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக் கொடுக்கிறார், உன்னைக் குளிப்பாட்டும்போது பார்த்த மாதிரியே. போர்வை மறுபடி ஏறிவிட்டது. டேப்பைத் தையல் மிஷின் டிராயரில் போட்டுவிட்டேன். தினமும் காலையில் கையை விட்டுப் பார்க்கிறேன். நேற்று இடப்பக்கம் கடைசி விலாவைக் கொஞ்சம் தேடவேண்டியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் தேடினார். இரண்டு பேரும் வெகுநேரம் அதைத் தேடிக்கொண்டே நின்றோம்.

உள்ளே வந்து பால் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் அந்த நீலக் கோட்டு. தாடை வரைக்கும் ஜிப், முழங்கால் வரைக்கும் பஞ்சு. குண்டாகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் எனக்குப் பால் ஞாபகம் வரவில்லை.

டாக்டர் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன், மறக்காமல் செய். ஒரு கையை முஷ்டியாக மடக்கு, மறு கை விரலால் முட்டிகளைத் தடவு. விலா அப்படி இருந்தால் மெலிவு. பிறகு கையை நீட்டிப் புறங்கையைத் தடவு, எலும்பு தெரிந்தும் மேடு தெரியாமல் இருக்கும், அதுதான் சரி. உன் விலா இரண்டில் எது மாதிரி இருக்கிறது என்று பதில் எழுது. பொய் எழுதினால் அப்பா டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், மாப்பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டார் என்பதால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிட்டு, வெதுவெதுப்பாகத் தூங்கி, எங்கே இருந்தாலும் வயிறும் மனசும் நிறைந்து இரு.

கோட்டைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்.

உன் அம்மா