ஞானஸ்நானம் பெற்ற கடைசல் மெஷின்

மசத்தேபே,
ஜூலை 9

அன்பு மகள் யாடிராவுக்கு அப்பா லெயோன்சியோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் சரகோசாவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளின் சிடுசிடுப்புக்கு ஈடுகொடுத்து நலமாக இருக்க நம் ஊர்த் திரித்துவ ஆண்டவர் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், இது அவள் நிற்கும்போது என்னால் சொல்ல முடியாத விஷயம். அதனால்தான் ஸ்பெயினுக்குப் புறப்படும் தையல்கார மரிட்சாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா கொடுத்த பால் இனிப்பும் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. முதலில் கடிதத்தை முழுக்கப் படி, அப்புறம் என்னைத் திட்டு, பாதியிலேயே ஆரம்பித்துவிடாதே, அது உன் அம்மாவின் பழக்கம்.

நீ அனுப்பிய பணத்தில் கடைசல் மெஷின் வாங்கிவிட்டேன் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, அதை எப்படி வாங்கினேன் என்று விவரமாகச் சொல்லவில்லை. மனாகுவா கடைக்குப் போகும்போது நம் பட்டறை வாசலின் அகலத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், கடைக்காரப் பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். அறுக்க, இழைக்க, துளை போட என்று ஐந்து வேலையும் ஒன்றிலேயே செய்யும் மெஷினைத்தான் முதலில் காட்டினான். மாஸ்டர், இது ஒண்ணு இருந்தா அஞ்சு ஆள் இருக்கற மாதிரி என்றான். மோட்டார் ஒண்ணுதானே தம்பி, அது படுத்தா அஞ்சு ஆளும் சேர்ந்து படுத்துக்குவாங்களே என்று கேட்டேன். அடுத்து ஒரு பெரிய இழைப்பு மெஷினைக் காட்டினான், பலகையை உள்ளே விட்டால் கண்ணாடி மாதிரி வெளியே வருகிறது, எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டுமாம். நம் தெருவில் முக்கு வீட்டு மாவு மில் ஓட ஆரம்பித்தாலே விளக்கு மங்கிவிடுகிறது, இதில் மும்முனைக்கு எங்கே போவது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்னது ஒன்றும் மூலையில் இருந்தது, நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனமெல்லாம் நீ படம் அனுப்பிய மெஷின் மேல்தான் இருந்தது. மாதிரிக் குச்சி ஒன்றை வைத்துவிட்டால் போதும், அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே அச்சு அசலாக இன்னொன்றைக் கடைந்து தருகிற அந்த மெஷின். வீட்டு மின்சாரம் போதும், வாசலில் நுழையும், கயிறும் சரியாக இருந்தது. நம் பக்கத்துக் கிரானாதா ஊர் ஹோட்டல்காரர் கேட்ட நூறு ஆடும் நாற்காலி, ஒன்றுக்கு இருபத்திரண்டு கடைசல் குச்சி, எல்லாம் மாதாவின் திருநாளுக்கு முன்னால் டிசம்பரில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால் ஹோட்டல்காரர் வருஷா வருஷம் நமக்கே கொடுப்பார், நீ ஊருக்கே வந்துவிடலாம், பட்டறை நம் மூன்று பேருக்கும் சோறு போடும். இதுதானே நம் கணக்கு. கையால் கடைந்தால் இது நடக்காது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அந்தக் கை யாருடைய கை என்பதுதான் நாம் இரண்டு பேருமே பேசாமல் விட்ட விஷயம். உன் ஞானத்தகப்பன் நிக்கானோரின் கை. நம் தெருவில் ஒன்பது வீட்டில் நாற்காலி செய்கிறார்கள், சட்டம் கூட்டுகிறவன் கூட்டுகிறான், பிரம்பு பின்னுகிறவள் பின்னுகிறாள், ஆனால் குச்சி எல்லாம் அவர் வீட்டுக் கடைசலில்தான் வரும். துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரைக் கழற்றி அவரே கட்டின கடைசல் அது, நமக்கென்று வாரத்துக்கு இரண்டு நாற்காலிக்கான குச்சிதான் அவரால் தர முடியும். ஹோட்டல் வேலைக்கு மட்டும்தான் மெஷின், மற்றதெல்லாம் கொம்பாத்ரேக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயில் ஞானஸ்நானத் தொட்டியில் அவர் உன்னை ஏந்தி நின்ற நாளிலிருந்து நானும் அவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம், கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல் அந்த உறவு. அது தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். இதில் உன் மேல் தப்பில்லை.

மெஷின் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. ஞானஸ்நானம் எப்போ, ஞானத்தகப்பன் யாரு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இங்கே ஒரு மாவு மில் வாங்கினாலும் சாமியாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்து, அதற்கு ஒரு ஞானத்தகப்பனை வைக்காமல் யாரும் ஓட்டமாட்டார்கள், நீ மறந்திருக்கமாட்டாய். அந்தக் கூட்டத்தில் நிக்கானோரும் வந்து நின்றார். மெஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ஒரு மரியாதை செய்கிற நினைப்பில் என் வாய் சொல்லிவிட்டது, வேற யாரு, கொம்பாத்ரே நீங்கதான் ஞானத்தகப்பன் என்று. சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்வது நம்மில் பாவம், அவரால் மறுக்கவே முடியாத ஒன்றை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர், சரி கொம்பாத்ரே, மாட்டேன்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்லையே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வந்தார். உன் அம்மா பன்றிக்கறி போட்டு இலையில் கட்டின தமுகா முப்பது அவித்திருந்தாள். நிக்கானோர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஞானப்பிள்ளைய பாக்க வெறுங்கையோட வரலாமா என்று சிரித்துக்கொண்டே அதை மெஷின் மேல் வைத்துப் பிரித்தார். அவருடைய ஏழு கடைசல் உளிகள், யாடிரா. கைபட்டுக் கைபட்டுப் பிடியெல்லாம் கறுத்துப்போன அந்த ஏழும். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், தட்டாமல் என்ன செய்வது. ஞானத்தகப்பன்தான் முதலில் சுவிட்சைப் போட வேண்டும் என்று சாமியார் சொல்ல, அவரே போட்டு, ஒரு குச்சியைக் கடைந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லாத்தான் கடையுது, என் இடுப்புவலி மட்டும் இதுக்கு இல்ல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தமுகா கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக் கடைசல் சத்தம் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அவரே நம் பட்டறைக்கு வந்துவிட்டார், துடைப்பத்தை எடுத்து மெஷினுக்கு அடியில் மரச்சுருள் கூட்டினார், எண்ணெய் விட்டார், பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். எதுக்கு கொம்பாத்ரே உங்களுக்கு இந்த வேலை என்றால், ஞானப்பிள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா என்கிறார். செவ்வாய்க்கிழமை கோடி வீட்டு ரொசெந்தோ ஒரு கட்டு மரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலிக்குக் குச்சி கடைந்து தாருங்கள் என்று நம்மிடம் கேட்டான். நிக்கானோர்கிட்ட போடா என்றேன். அவர்தாங்க இங்க அனுப்பினாரு, இனிமே எல்லாம் மெஷின்லதான், நான் அதுக்கு ஞானத்தகப்பன், என் பிள்ளைக்கு வேலை கொடுங்கன்னு வீடு வீடா சொல்லிட்டு வர்றாரு என்றான். ஞானப்பிள்ளையின் நன்மைக்குப் பாடுபடுவேன் என்று சாமியார் முன்னால் சொன்ன வார்த்தையை அந்த மனிதர் அப்படியே காப்பாற்றுகிறார், தன் சோற்றை எடுத்து அந்த இரும்புக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். நான் ரொசெந்தோவைத் திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மெஷின் இந்த வீட்டில் நிற்கிற வரைக்கும் நான் எத்தனை பேரைத் திருப்பினாலும் அவர் அனுப்பிக்கொண்டேதான் இருப்பார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் லாரி பிடித்து மெஷினை மனாகுவா கடைக்கே கொண்டுபோனேன். மெஷின்ல என்ன குறை மாஸ்டர் என்று அந்தப் பையன் கேட்டான், ஒரு குறையும் இல்ல தம்பி, ரொம்ப நல்லா கடையுது, அதான் கொண்டு வந்துட்டேன் என்றேன், கிறுக்குப் பிடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். முதல் தரம் நான் திரும்பிப் பார்க்காத அந்தச் சின்ன இழைப்பு மெஷினை மாற்றாக வாங்கி வந்தேன். இழைப்பு என் தோளின் வேலை, அது யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்காது. திரும்பி வந்தபோது நிக்கானோர் துடைப்பத்தோடு வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் என்னை நீங்க என்றே கூப்பிட்ட மனிதர் அன்றைக்கு நீ என்றார். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைய கடைல திருப்பிக் கொடுத்தவன் இந்த நிக்கராகுவாலயே நீ ஒருத்தன்தான்டா, நாளைக்கு யாடிராவையும் கொண்டுபோய்க் கொடுப்பியா என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நான் உளிகளை நீட்டினேன். கொடுத்ததை வாங்கமாட்டேன் என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, பிள்ளைதான் போயிடுச்சு, உளி அநாதையா கிடக்குது, துருப்பிடிக்கறதுக்குள்ள நானே எடுத்து வெச்சிக்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானமே மழைச் சத்தத்துக்கு மேல் அவர் கடைசல் சத்தம் கேட்டது. நான் இழைப்பை நிறுத்திவிட்டு அதைக் கேட்டேன்.

இனிமேல்தான் எனக்குக் கை ஓடமாட்டேன் என்கிறது. ஹோட்டல்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், டிசம்பருக்கு நாற்பது நாற்காலி உங்களிடம் எடுத்துக்கொள்கிறேன், மீதியையும் வரும் வருஷ வேலையையும் இன்னொரு இடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நாற்பது நாற்காலியில் பட்டறை உன் அம்மாவுக்கும் எனக்கும் போதும், உனக்கும் சேர்த்துப் போதாது. இந்த டிசம்பரில் நீ வர முடியாது மகளே. எப்போது முடியும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் போர்வை விரித்து வைத்திருந்த உன் அம்மா, நான் சொன்னதும் சத்தம் போடவில்லை. போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். பணம் உன் வியர்வை, உன்னைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ சரி அப்பா என்றுதான் சொல்லியிருப்பாய், என் பெண்ணை எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வரவில்லை என்று உன் வாயாலேயே உன்னைச் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே முடிவெடுத்தேன், அந்தக் குற்றம் என் பெயரிலேயே இருக்கட்டும். உன்னை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று மட்டும் நினைக்காதே.

அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, தண்ணீர் நிறையக் குடி, அந்த அம்மாளைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு போனால் வராது. அம்மாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய், அழுதால் அழட்டும், வைத்துவிடாதே. ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஞானத்தகப்பனுக்கு டிசம்பர் விஷயம் ஒன்றும் தெரியாது, ஹோட்டல்காரரே வேலையைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், உண்மை தெரிந்தால் அந்த உளிகளை அவர் மறுபடி தொடமாட்டார். அவர் உன்னிடம் பேசும்போது, எப்ப வர்றே மகளே என்றுதான் முதலில் கேட்பார். அங்கே எனக்குப் பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு.

கடவுள் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும்.

உன் அப்பா,
லெயோன்சியோ