இடது பக்கம் படுக்க ஓர் இடம்

2004 ஜூன் 7, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. கக்கூசுக்கு ஆறு தடவை, அதில் மூன்று இரத்தம். குடை விரிக்கக்கூட அவகாசம் இல்லை, அப்படியே ஓட்டம்.
நாளைக்கு: கிளினிக் கொப்பி. சின்னவளின் வெள்ளைச் சட்டை காயவில்லை. மாமாவுக்கு வெற்றிலை.
பெருங்குடலில் புண் என்று சொல்லி ஒன்றரை வருஷம். குளிசை விழுங்க ஒரு வேளை தவறவில்லை. பின்வழியாக ஏற்றும் எனிமா மட்டும் தகரப் பெட்டிக்குள் அப்படியே.

8, செவ்வாய்
டவுன் ஆஸ்பத்திரி. புது டொக்டர். மீந்த எனிமா எத்தனை என்று கேட்டார், சொன்னேன். உடனே நேர்ஸ் மிஸ்ஸி பக்கம் திரும்பி, "பாவிச்சி கரன்னே நே. வத்து மினிஸ்சுன்ட கியலா வெடக் நே."
கொடுத்த மருந்தைப் பாவிப்பதில்லையாம். தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லையாம். எனக்குச் சிங்களம் விளங்காது என்ற நினைப்பு! கடையில், பஸ்ஸில் வேறு எந்தப் பாஷை பேசுகிறேன்? முதல் வரியைக் கொப்பியிலும் எழுதினார். அதையும் வாசித்தேன்.
ஏன் போடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

9, புதன்
வெயில். வெட்டு. மரத்துக்கு மரம் அந்த டொக்டரோடு சண்டை.
சொல்லியிருக்க வேண்டியவை:
– லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பரா. அந்த அறைக்குள் ஆறு பேர்.
– மருந்து ஏற்றி இடது பக்கமாக ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எங்கே?
– கதவைச் சாத்தினால் மற்ற ஐந்து பேரும் வெளியே, மழையில்.
– ஒரு தடவை போட்டேன். பத்து நிமிஷத்தில் கொழுந்தன் டோர்ச் தேடி உள்ளே வந்தான். பதறி எழுந்தேன். மருந்தெல்லாம் பாவாடையில்.
இதெல்லாம் எந்தக் கொப்பியில்?

10, வியாழன்
வீட்டுக்காரரிடம் சொன்னேன்.
"அங்கேயே கேக்குறதுதானே?"
"பத்துப் பேரு பக்கத்துல நிக்கிறாங்க. எப்புடிங்க சொல்றது?"
"மூலையில பலகை அடிச்சு மறைப்பம்" என்றார்.

11, வெள்ளி
பலகை அடிக்கக் கேட்டதற்குத் தோட்ட ஒபிசில் பதில்: லயத்துச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கூரை ஒழுகுவதற்கு மூன்று வருஷமாகச் சொல்கிறோம், அதற்கு ஒருவரும் வரவில்லை. ஆணிக்கு மட்டும் சட்டம்.
இரத்தம் அதிகம். தலை சுற்றல்.

15, செவ்வாய்
தவணை நாள் இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ்ஸி தடுத்தார். நகரவில்லை. கடைசி ஆள் போனபின் விட்டார்கள். அந்த டொக்டரிடம் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன், பாவாடை விஷயம் உட்பட. அவர் முகம் சிவந்தது.
"கலின் கிவ்வே நெத்தே அய்?" முதலே ஏன் சொல்லவில்லையாம்.
"டொக்டர் எஹுவே நேனே." நீங்கள் கேட்கவில்லையே.
கொப்பியை இழுத்தார். 'வீட்டில் படுக்க வசதி இல்லை' என்று எழுதினார். மேலே போன வாரம் எழுதிய 'பாவிப்பதில்லை'யை வெட்டுங்கள் என்றேன். வெட்டினார். மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை. பின்வழியாக வைக்க, மெழுகு போல ஒரு சின்ன மருந்தும் தந்தார், இதற்கு அவ்வளவு நேரம் படுக்க வேண்டியதில்லையாம். ஆனால் குடலில் உயரே உள்ள புண்ணுக்கு எட்டாது, எனிமாவும் வேண்டும்.
இப்படி ஒரு சின்ன மருந்து இருப்பதை ஒன்றரை வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை.

19, சனி
மாவனல்லை நானா கடையில் மறைப்புக்குக் கெட்டித் துணி. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவில்லை, கூரை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். நாலு மணிக்கு ஏற்றினேன். இடது பக்கம். சுவரைப் பார்த்தபடி.
வெளியே கொழுந்தன் குரல். பக்கத்துக் காம்பராப் பொம்பளைகளும். மாமா, என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர், லயமே கேட்கக் கத்துகிறார்: "மருமக பின்னால மருந்து ஏத்திப் படுத்திருக்கு! ஒரு மணி நேரம் ஒருத்தரும் உள்ள போகாதீங்க!"
ஐயோ. இனி எந்த முகத்தோடு தண்ணிக் குழாயடிக்குப் போவேன்?
எழுந்திருக்கவில்லை. ஐந்து மணி வரை கிடந்தேன்.