F என்றால் ஃபயர்

3-2-47, திங்கள். பனி.
விடிந்ததும் மானம் போயிற்று. பழக்கதோஷத்தில் தவலையில் வெந்நீர் போட்டு, குளியலறைக் கதவைத் தட்டி, "பிலோ, தண்ணி காஞ்சிருச்சி, சீக்கிரம்!" என்று கத்திவிட்டேன். உள்ளே பக்கத்துக் குடித்தன இருதயராஜ். "நான் பிலோ இல்ல நைனா. ஆனா ஒரு சொம்பு ஊத்துனா வேணாங்கமாட்டேன்."
சாந்தோம் முழுக்கத் தெரிந்திருக்கும்.
மகள் பிலோ பாண்டிச்சேரி மடத்துக்குப் போய் எட்டு மாசம். வருகிற 16 கன்னியாஸ்திரீ உடுப்பு வாங்குகிறாள். அதற்குள் மனசு மாறினால் வீட்டுக்கு வரலாம். அப்புறம் இல்லை. சின்ன வயசிலிருந்தே இழுப்பு, பச்சைத்தண்ணீர் ஆகாது. அங்கே என்ன தண்ணீரோ.
போய்ப் பார்க்கக்கூடாது என்று பெண்டாட்டி ஞானம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "சும்மா போய் அங்க நிக்காத. உன் மூஞ்சியப் பாத்தா புள்ள மனசு கலைஞ்சிடும்." என் மூஞ்சிக்கு இவ்வளவு சக்தி! கல்யாணமான நாளாக யாரும் சொல்லவில்லை.

4, செவ்.
அடையாறு. தி.நகர் வக்கீல் ஐயாவின் மோட்டார் படகு. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. இன்ஜின் சூடேறி நின்றுவிடுகிறது. வேலை:
— அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரம். முழுக்கச் சேறு. புது வலை.
— பம்புக்கு வாஷர்.
— இன்ஜினைக் குளிர வைத்துவிட்டு வெளியே போகிற சுடுதண்ணீரைத் தொட்டிக்குள் செப்புச் சுருள் வழியே விடுவது. தொட்டியில் நல்ல தண்ணீர் காயும். நடுக்கடலில் ஐயா வெந்நீரில் முகம் கழுவ வேண்டுமாம்.
ஐயா: "சனிக்கிழமை பாண்டிச்சேரி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். நீயும் வரணும்ப்பா. நடுவுல மக்கர் பண்ணினா யார் பாக்கறது?"
"பாக்கலாங்க" என்றேன். ஸ்பானர் தண்ணீரில் விழுந்தது.
இது சும்மா போவது ஆகாது. வேலை.

6, வியா. வெயில்.
செப்புக் குழாய்க்குள் மணல் அடைத்து வளைத்தேன். ஒரு சுற்றும் நசுங்கவில்லை. படகோட்டி கோயிந்தன்: "இன்னா நைனா, ஜிலேபி சுத்திக்கினு கீற?"
முகம் கழுவும் இடத்தில் பழைய பித்தளைக் குழாய் இரண்டு. தலையில் எழுத்து. ஒன்றில் C, ஒன்றில் F. C கோல்டு. F? பீடி ஒன்று முடிகிற வரை யோசித்தேன். ஃபயர்! மூன்றாம் பாரம் தேறாதவனுக்கு இது போதாதா. ஐயாவைக் கேட்டேன். பி.எல். படித்தவர். "ஃபயர்தான், கரெக்ட்" என்றார். வெந்நீரை F-இல் சேர்த்தேன்.
சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டம். இன்ஜின் மேல் கை வைக்க முடிந்தது. F-இல் ஆவி பறக்க வெந்நீர். பாதி C கலந்தால் பிலோ குளிக்கிற சூடு. யாரும் இல்லாதபோது கலந்து, கை நனைத்துக்கொண்டு நின்றேன்.

7, வெள்.
ஞானத்திடம் சொன்னேன்.
"வேலையா?"
"வேலைதான்."
"மாதா மேல ஆணையா?"
"பைப்பு வேலைடி."
முறுக்கு சுட்டாள். "அவளுக்கில்ல. உனக்கு." எனக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. அவளுக்கும் தெரியும்.

8, சனி.
கடல். இன்ஜின் ஒழுங்கு, என் வயிறுதான் மக்கர். மூன்று தரம் வாந்தி.
கரை சேர்ந்ததும் படகின் பழைய முதலாளி பார்க்க வந்தார். கை கழுவ F-ஐத் திருகினார். கத்தியது பிரெஞ்சு. அர்த்தம் புரிந்தது. கோயிந்தன்: "தொரை இன்னாத்துக்கு டான்ஸ் ஆடுது?" நல்லவேளை, கை சிவந்ததோடு சரி. ஏன் F-ஐத் திருகினார்?

9, ஞாயி.
பூசை முடிந்து மடம். பார்வையாளர் அறையில் பெரிய சிஸ்டரும் கூட உட்கார்ந்திருந்தார். பிலோ இளைத்திருக்கிறாள். குழாய்க் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுச் சிரிப்பு.
"ஐயோ அப்பா, C-ன்னா ஷோ. பிரெஞ்சுல சுடுதண்ணி. F-தான் பச்சத்தண்ணி. இங்கயும் அப்பிடித்தான் போட்டிருக்கு."
"இங்க C இருக்கா?"
"இருக்கு. தண்ணிதான் வராது."
"அப்ப குளிக்கிறது?"
"F-ல தான்ப்பா. பழகிடுச்சு."
இருமினாள். ஒரே ஒரு தரம். பெரிய சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"வேற எதுனா சொல்லணுமாப்பா?"
"முறுக்கு நமுத்துடும். சீக்கிரம் தின்னு."
மணி அடித்தது. போனாள்.
சொல்லாதது: தினமும் காலையில உனக்குத் தண்ணி காயுது, பிலோ.